ஒன்றிலிருந்து ஐந்து வரை

அப்பா கொஞ்சம் காதில் விழாத தூரத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னபோது செங்கோடனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, எந்த அப்பா, யார் காது என்று சுற்றுமுற்றும் பார்த்தான், அப்புறம்தான் தன்னைத்தான் சொல்கிறாள், தன் வேர்வையில் எழுப்பிய வீட்டிலிருந்து தன்னைத்தான் வெளியே போகச் சொல்கிறாள் என்று உறைத்தது. வேறொருத்தன் இதைச் சொல்லியிருந்தால் அவன் பல் இந்நேரம் வாசலில் கிடக்கும். இவள் சொன்ன விதம் அப்படி, சிரித்துக்கொண்டே, நெஞ்சோடு ஒரு பரீட்சை அட்டையை அணைத்துக்கொண்டு, பெத்தவங்க பதில் தனி, பிள்ளைங்க பதில் தனி, அதுதான் எங்க முறைய்யா, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்டா பதில் மாறிரும் என்று. மாறிவிடும் என்றால் என்ன அர்த்தம். என்ற புள்ள என் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பேசுகிறவள் என்கிறாளா. எவ்வளவு தூரம் போகட்டும் அம்மணி, ஈரோட்டுக்கே போயிரட்டுமா என்று கேட்டதற்கு, அதற்கும் சிரித்து, அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட நின்னாப் போதும் என்று கை காட்டினாள். அதனால் இப்போது தொட்டியோரம் நிற்கிறான், செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வெயிலில், நேற்றுச் சந்தையில் விலை படியாமல் திரும்பி வந்த மயிலைக் கிடாரிக்குப் பக்கத்தில், அதுவும் அவனைப் போலவே வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெண்டாட்டி தங்காயி நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள், அவள் இருந்திருந்தால் இந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பாள். பேர் ஜெனிட்டா, ஊர் தூத்துக்குடிப் பக்கம், கோயமுத்தூரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எந்த வீட்டுப் பிள்ளை எதுவரை படிக்கிறது, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்கிற டாக்டர். படிப்பைப் பற்றி ஒரு படிப்பு. தரகனிடம் தரகு வாங்குகிற மாதிரி. அதை நம்பச் சொல்கிறாள்.

ஏன் இந்த வீடு என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டான், அவன் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. ஏழு வீட்டுக்கு ஒரு வீடாம். ஊர் வீடுகளையெல்லாம் வரிசை எழுதி, முதல் வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு வந்தால் இது வருகிறதாம், நாங்களாத் தேர்ந்தெடுத்தா அது சரியா வராதுய்யா, எங்களுக்குப் பிடிச்ச ஆளா எடுத்துருவோம் என்றாள். சீட்டுக் குலுக்கினது யார், எங்கே, யார் கண்ணுக்கு முன்னால். முப்பது வருஷ மாட்டுத் தரகில் அவன் பார்க்காத குலுக்கலா, ஒரே பேரைப் பத்துச் சீட்டில் எழுதிக் குலுக்குகிற மகராசன்களோடு டீ குடித்தவன். தொட்டியோரத்தில் நின்றபடி மனசுக்குள் எண்ணிப் பார்த்தான், ஊர்த் தண்ணீர் டாங்கியடியில் முதல் வீடு பொன்னுச்சாமி, அடுத்தது மில்லுக்காரன், மூன்று, நாலு, பூட்டிக் கிடக்கிற வாத்தியார் வீட்டை எண்ணலாமா கூடாதா, எண்ணினால் இவன் வீடு ஏழு, எண்ணாவிட்டால் ஆறு. ஆள் இல்லாத வீட்டை யாராவது எண்ணுவார்களா. ஆக எண்ணியிருக்கிறார்கள், எண்ணி இவன் வீட்டுக்கு வர வைத்திருக்கிறார்கள். யார் வர வைத்தது. பள்ளிக்கூடத்தில் அந்த இங்கிலீஷ் டீச்சர், போன மாசம் மார்க் வாங்கப் போனபோது, இந்தப் புள்ளையை நிறுத்திராதீங்க என்று எல்லார் முன்னாலும் சொன்னவள், அவள் ஆளாக இருக்கும். இல்லை, பவானியில் அந்த மாப்பிள்ளை வீடு, தங்காயியின் அண்ணன் மூலம் காதில் போட்டு வைத்தார்களே, அவர்கள் வீடு வாசல் விசாரிக்க இப்படி ஒரு அம்மணியை அனுப்பியிருந்தால். முன்னெல்லாம் வளையல்காரன் மாதிரி வந்து விசாரித்துப் போவார்கள், இப்போது அட்டையும் பேனாவுமாக வருகிறார்கள். இல்லை, அதற்கெல்லாம் மேலே ஒன்று, நினைக்கவே பிடிக்காத ஒன்று, மகள் சுபிக்‌ஷாவே சொல்லி வரவழைத்திருந்தால். அந்தப் பெண் உள்ளே வந்தபோது இவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சொம்பை வாங்கக்கூட நிற்காமல் உள்ளே போனாள்.

முதலில் அவனைத்தான் கேட்டாள். பேர் எழுத மாட்டோம், நம்பர்தான் என்று காட்டினாள், தாளின் மேல் மூலையில் நாற்பத்து மூன்று. மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, எப்ப வேணாலும் எழுந்து போகலாம் என்று வேறு சொன்னாள், அங்கேதான் இவனுக்கு முழு எச்சரிக்கையும் வந்தது, வாங்கினால் வாங்குங்க, இல்லாட்டிப் போங்க என்று சிரிக்கிறவனிடம்தான் கைவிரலை எண்ணிப் பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். அப்புறம் ஆரம்பித்தாள். நான் ஒரு வாக்கியம் படிப்பேன், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள், ஒன்று என்றால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து என்றால் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அட, இது நம்ம தொழில். செங்கோடன் அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்தான். பெண் பிள்ளைகள் வெளியூரில் தங்கிப் படிக்கலாம், எத்தனை. அவன் மனசில் இருந்தது நாலு. நாலு வேண்டுமானால் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஒன்னுங்க அம்மணி என்றான். இனி அவள், என்னய்யா ஒன்னுங்கிறீங்க, காலம் எப்படி இருக்கு என்பாள், இவன் சலித்துக்கொண்டு ரெண்டுக்கு வருவான், அவள் ஐந்திலிருந்து இறங்குவாள், இவன் எழுந்து போகிற மாதிரி வேட்டியை உதறுவான், கடைசியில் நாலில் கை கொடுப்பார்கள், இரண்டு பேருக்கும் சந்தோஷமாக இருக்கும். அவள் ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். அவ்வளவுதானா. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவன் ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லை அந்த மாட்டில் நமக்குத் தெரியாத எதையோ அவன் பார்த்திருக்க வேண்டும். இவள் ஏமாளி இல்லை. அடுத்ததற்கும் ஒன்றே சொல்லிப் பார்த்தான், வட்டம். அதற்கடுத்ததற்கு வேண்டுமென்றே ஐந்து, அதற்கும் வட்டம், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இகழ்ச்சி இல்லை, கல்லில் செய்த மூஞ்சி. உங்க மகளை எதுவரைக்கும் படிக்கவைக்கப் போறீங்க என்று கேட்டபோது அவனுக்கே தெரியாமல் வாய் பழக்கதோஷத்தில் பன்னண்டு போதுமுங்க என்றது. எழுதிக்கொண்டாள். அதைத் திருத்துங்க என்று சொல்ல நினைத்தான், சொல்லவில்லை, முதல் விலையை எதிராளி கேட்காமல் தானே ஏற்றுகிறவனைச் சந்தையில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை.

உங்க படிப்புய்யா என்று கேட்டாள். அஞ்சாவது. ஏன் நின்னீங்க. ஏன் நின்றேன். இத்தனை வருஷத்தில் இதை ஒருத்தரும் கேட்டதில்லை, தங்காயிகூட. கிடாரி தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல் முணுமுணுவென்று, வார்த்தை தெரியவில்லை, மகள் குரல் எது அந்தப் பெண் குரல் எது என்றுகூடப் பிரிக்க முடியவில்லை. ஏன் நின்றேன் என்றால், மாடு மேய்க்கத்தாண்டா நீ லாயக்கு என்று கணக்கு வாத்தியார் சொன்னார், எல்லாப் பையன்களையும்தான் சொன்னார், பள்ளிக்கூடம் பூராவும் அந்த வசவு ஓடிக்கொண்டிருந்தது, கரும்புத் தோட்டத்துக்காரர் மகனையும் சொன்னார், அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான், அவனுக்கு அது வசவு. செங்கோடனுக்கு அது வேலைக்கு உத்தரவு. அன்றைக்குச் சாயங்காலமே பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு மறுநாள் அப்பனோடு சந்தைக்குப் போய்விட்டான், வாத்தியார் சொல்லிட்டாரு என்றான், அப்பனும் சரி என்றான், வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். ஒரு வாரம் கழித்து வாத்தியார் வழியில் பார்த்து ஏண்டா வரலை என்று கேட்டபோது அவருக்குத் தான் சொன்னதே ஞாபகம் இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, குடும்பக் கஷ்டமுங்க என்றான், அதற்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு கட்டம் அச்சடித்து இருந்தது, டிக் அடித்தாள். அப்பன் துண்டுக்குள் விரல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த வருஷம்தான். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள்ளே, ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு சேர்த்துப் பிடித்தால் இரண்டு, உள்ளே இவ்வளவு நடந்துகொண்டிருக்க வெளியே வாய் அதன் பாட்டுக்கு, இதெல்லாம் ஒரு மாடா, இதை ஓட்டிட்டுப் போறதுக்கு எனக்குக் கூலி குடு என்று ஏசிக்கொண்டிருக்கும். வாயில் வருவதெல்லாம் வேடிக்கை பார்க்கிறவனுக்கு. விரலில் இருப்பதுதான் விலை. கணக்கு வாத்தியாரால் ஐந்து வருஷத்தில் ஏற்ற முடியாத கணக்கு ஒரே சந்தையில் ஏறிவிட்டது.

உள்ளே சிரிப்புச் சத்தம். சுபிக்‌ஷாதான். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து. என்ன கேட்டாள், எதற்குச் சிரிக்கிறாள், அப்பன் சொன்ன ஒன்றையும் ஐந்தையும் காட்டிவிட்டாளா, காட்டக் கூடாது என்று அவளே சொன்னாளே, சொல்வதையெல்லாம் செய்கிறவர்கள் யார் இருக்கிறார்கள். மண்ணையும் கல்லையும் பற்றிப் படிக்க வேண்டுமாம் இவளுக்கு. நிலவியல். சேலத்தில் அரசாங்கக் கல்லூரியில் இருக்கிறதாம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டுமாம். கல்லை என்ன படிக்கிறது, கல்லுன்னா கல்லுத்தான் என்று இவன் சொன்னபோது ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து காட்டி அதற்கு வயசு எத்தனை கோடி என்று ஏதோ சொன்னாள், பல்லைப் பார்த்தா கண்டுபிடிச்சே என்று இவன் கேட்டான், அதற்கும் சிரித்தாள், அதுதான் கடைசிச் சிரிப்பு, மே மாசம். அப்புறம் இவன் முதல் விலை சொன்னான். வேண்டாம், பன்னண்டு போதும், அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. இவன் மனசில் அப்போதே கணக்கு இருந்தது. அவள் ரெண்டு நாள் அழுவாள், தங்காயியைத் தூது விடுவாள், இங்கேயே பக்கத்துக் காலேஜில் ஏதாவது என்று இவன் ஒரு படி ஏறுவான், அவள் மாட்டேன் என்பாள், சேலம்தான் ஆனா தினமும் பஸ்ஸில் போய் வா என்று இன்னொரு படி, கடைசியில் சேலம், விடுதி, ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், தினம் ஒரு போன், இதில் கை கொடுப்பான். அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் இத்தனையும். எடுத்ததும் போ என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமையைக் கேட்டு வாங்க முடியாது, அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் இவள் அழவில்லை. மறுவிலை கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், வாயைத் திறக்கவில்லை. பார்த்தியா, என்ற ரத்தம் என்று செங்கோடன் அப்போது உள்ளுக்குள் பூரித்தான், கெட்டிக்கார வியாபாரி வாயை மூடிக்கொண்டுதான் எதிராளியை இறக்குவான், அப்பனையே இறக்கப் பார்க்கிறாள், பார்ப்போம், யார் முதலில் பேசுகிறது.

கலந்தாய்வு பத்தாம் தேதி முதல் பதினாலாம் தேதி வரை என்று நோட்டீஸில் போட்டிருந்ததை அவன் படித்தான், எழுத்துக் கூட்டி அவனே படித்தான், யாரிடமும் கேட்கவில்லை. பதினாலு, வெள்ளிக்கிழமை. முதல் தேதியை எவன் பார்ப்பான், விலை படிவது எப்போதும் பொழுது சாய்கிற நேரத்தில்தான், மாட்டை மறுபடி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே என்கிற கவலை விற்கிறவனுக்கு வருகிற நேரத்தில். வியாழக்கிழமை பொழுதோட பேச்சை எடுக்கலாம், வெள்ளி வெள்ளன முதல் பஸ்ஸில் இரண்டு பேருமாகக் கிளம்பலாம் என்று வைத்திருந்தான். அதுவரைக்கும் மார்க் லிஸ்ட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் பீரோவில், சாவி இடுப்புக் கயிற்றில், பொருள் நம் கையில் இருக்கிறவரைக்கும் பேச்சும் நம் கையில். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று விடியற்காலையில், இது ஏன் இப்போது வந்து முன்னால் நிற்கிறது, கிடாரியை வண்டியில் ஏற்ற அவன் எழுந்தபோது சுபிக்‌ஷா குளித்துத் தலை வாரி அந்தப் பச்சைச் சுடிதாரில் நின்றுகொண்டிருந்தாள். அஞ்சரை மணிக்கு. என்ன சாமி, கோயிலுக்கா என்று கேட்டான். அவள் இல்லைங்ப்பா என்றாள், சாயங்காலம் சீக்கிரம் வருவீங்களா என்றோ, இன்னைக்குச் சந்தைக்குப் போயே ஆவணுமுங்ளா என்றோ ஏதோ கேட்டாள், திங்கக்கிழமை சந்தைக்குப் போகாமல் என்ன செய்வது, இவன் கயிற்றை இழுத்துக்கொண்டே ஏதோ சொன்னான். என்ன சொன்னான். ஞாபகம் இல்லை. சொன்னதே ஞாபகம் இல்லை. பொழுது போய்த் திரும்பி வந்தபோதும் அதே சுடிதார், வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். எதற்குக் குளித்தாள். யாரைப் பார்க்கப் போக இருந்தாள். யாராவது பையனா. சேலம் சேலம் என்பது கல்லுக்காகத்தானா, அங்கே யாராவது. அந்த எண்ணம் வந்ததும் ரத்தம் காதுக்கு ஏறியது. இதைத்தான் அந்தப் பெண்ணிடம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாளா, இதற்காகத்தான் அப்பனைத் தொட்டியோரம் நிறுத்தினார்களா. வைக்கோல் எடுக்கிற மாதிரி ஜன்னல் பக்கம் நகர்ந்தான். காதில் விழாத தூரம் என்று நாற்பது அடி அவள் வைத்த கணக்கு, அவன் வைத்த கணக்கு இல்லை. சுவரோடு ஒட்டி நின்றான், திருடன் மாதிரி, தன் வீட்டுச் சுவரில், யாராவது பார்த்தால் நாறிவிடும் என்று ஒரு நினைப்பு, பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு.

தரவரிசை எத்தனைம்மா என்று அந்தப் பெண் கேட்கிறாள். பத்தொம்பதுங்க. அம்மாடி, பத்தொன்பதா, அப்ப முதல் நாளே கூப்பிட்டிருப்பாங்களே. கூப்பிட்டாங்க. எப்ப. நேத்துங்க.

நேத்துங்க என்றாள். செங்கோடன் கையில் வைக்கோல் இருந்தது. நேற்று என்றால் திங்கள், திங்கள் என்றால் பத்து. பத்திலிருந்து பதினாலு. பதினாலுதானே கடைசி. முதல் நாளே எதற்குக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், மகள் சொல்லிக்கொண்டு போனாள், அழாமல், கடையில் சாமான் பேர் சொல்கிற மாதிரி, மார்க் ஜாஸ்தி இருக்கறவங்களை முதல்லயே கூப்பிட்டு இடம் குடுத்துருவாங்கக்கா, அப்பறம் அப்பறம் கம்மி மார்க்குக்காரங்க, நான் முதல் நாள், காலைல ஒம்பது மணிக்கு. போகலையா. சர்டிபிகேட் அப்பாகிட்ட இருக்குதுங்க. கேட்கலையா. வேண்டாம்னு சொல்லிட்டாருங்க, மே மாசமே. அவ்வளவுதான், அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம்னு சொல்லிட்டாரு. செங்கோடனுக்கு அவள் குரலில் தேடிப் பார்த்தும் கோபம் கிடைக்கவில்லை, தந்திரம் கிடைக்கவில்லை, துண்டுக்குள்ளே பிடித்துக்கொள்ள ஒரு விரல் கிடைக்கவில்லை. அவள் பேரம் பேசவேயில்லை. இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தது இறக்குவதற்கு இல்லை, முடிந்துவிட்டது என்று. வாயில் வந்ததை விலை என்று எடுத்துக்கொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு எதை எடுத்துக்கொள்வாள், அவளிடம் எப்போது விரல் கொடுத்தான், பதினேழு வருஷமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த வாய்தானே. யார் கேட்டது இந்தச் சட்டத்தை, நல்ல மாட்டை முதலில் விற்கிறவன் எங்கே இருக்கிறான், கடைசிவரைக்கும் கட்டிப்போட்டு வைத்திருந்து, எல்லாரும் வந்து பார்த்துப் போன பிறகு. நோட்டீஸில் போட்டிருக்க வேண்டாமா. போட்டிருந்தார்களோ என்னவோ, அவன் கடைசித் தேதியைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டான். பச்சைச் சுடிதார். அஞ்சரை மணி. கேட்டாளே, போயே ஆவணுமுங்ளா என்று. அதுதான் கேட்டது. அவ்வளவுதான் அவளுக்குக் கேட்கத் தெரிந்தது. பையன் என்று நினைத்தான், இங்கே இப்போது ஒரு நிமிஷத்துக்கு முன்னால், பையன் என்று. வைக்கோலைக் கீழே போடத் தோன்றாமல் அதோடேயே உள்ளே போனான்.

போனதும் அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தான். யாரைக் கேட்டு எங்க வீட்டுப் புள்ளைகிட்ட இதையெல்லாம் கிளறுறே, உன்னை யாரு அனுப்புனது, டீச்சரா, மாப்பிள்ளை வீடா என்று கத்தினான், ஏழாவது வீடு எட்டாவது வீடு என்று யாரிடம் கதை விடுகிறாய் என்று கத்தினான், அந்தப் பெண் எழுந்து நின்றாள், பயந்தாள், ஆனால் ஓடவில்லை. யாரும் அனுப்பலைய்யா என்றாள். இரண்டு தாளையும், அவன் சொன்னதையும் மகள் சொன்னதையும், சேர்த்துப் பிடித்துக் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டாள். என்ன கோடு என்றான். நடுவுல ஆள் வந்துட்டா இதைக் கணக்குல சேர்க்கக் கூடாதுய்யா, ரெண்டும் சேர்ந்ததுதான் ஒண்ணு, உங்க வீட்டை லிஸ்ட்லருந்து எடுத்துருவோம் என்றாள். இவ்வளவு நேரம் ஏன் இந்த வீடு என்று வெந்துகொண்டிருந்தவனுக்கு, எடுத்துவிடுவோம் என்றதும் சுருக்கென்றது, அப்போ என்ற புள்ள சொன்னதுக்கு மதிப்பில்லையா, அத்தனையும் வீணா என்று கேட்டான், கேட்ட குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. அந்தப் பெண் சுபிக்‌ஷாவைப் பார்த்தாள். சுபிக்‌ஷா தரையைப் பார்த்துக்கொண்டு, இடம் மிச்சமிருந்தா ரெண்டாவது தடவை கூப்பிடுவாங்க, இருபத்தி நாலாம் தேதி, ஆனா நிச்சயமில்லை என்றாள். அதை அவனிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.

செங்கோடன் பீரோவைத் திறந்தான். பிளாஸ்டிக் கவரோடு எல்லாவற்றையும் எடுத்து அவள் மடியில் வைத்தான். போ என்றான். சேலத்துக்கே போ, ஆஸ்டல்ல இரு, நானே வந்து விடறேன். சனிக்கிழமை வந்துரணும் என்பது நாக்கு நுனிவரை வந்தது, பல்லைக் கடித்து நிறுத்தினான். முதல் சொல்லிலேயே கடைசி விலையைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, சொன்னதும் இடுப்பில் துணி இல்லாதவன் போல உணர்ந்தான். அவள் கவரைத் திறந்து பார்க்கவில்லை. மடியில் வைத்தது வைத்தபடி இருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், எதையோ தேடுகிற மாதிரி, அவன் எத்தனையோ மாட்டுக்காரன் முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறான்.

"எழுதிக் குடுங்ப்பா."

"என்னத்தை எழுத?"

"இப்பச் சொன்னதை. நீங்க சொல்றதுல எது நெசம்னு எனக்குத் தெரியலைங்ப்பா."

கை ஓங்க வேண்டிய இடம். வேறு யார் வாயிலிருந்தாவது இது வந்திருந்தால் ஓங்கியிருக்கும். செங்கோடன் சொல்லுக்குப் பத்திரம் கேட்டவன் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை, அவன் சொல்லை நம்பி மலை மாட்டுக்காரர்கள் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மகள் தன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவை அதன் மேல் வைத்து, மேஜையில் தள்ளினாள். அந்தப் பெண் தன் பையை மூடுவது போல் திரும்பிக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். எழுத ஆரம்பித்து எவ்வளவு காலமாயிற்று, கையெழுத்துப் போடுவது வேறு, இது வேறு, ஒவ்வொரு எழுத்தும் முரட்டுக் கன்று மாதிரி கோட்டை விட்டு இறங்கியது. என் மகள் சுபிக்‌ஷா சேலம் போய் விடுதியில் தங்கிப் படிக்க எனக்குச் சம்மதம். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்தான், இந்தத் தடவை இடம் இல்லாட்டி அடுத்த வருஷம் என்று எழுதினான், அதை யாரும் கேட்கவில்லை, அவனே எழுதினான். செங்கோடன் என்று கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தான்.

அவள் எடுத்துப் படித்தாள். உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம் தாளை அவன் பக்கம் திரும்பத் தள்ளி, "தேதி போடுங்க" என்றாள்.

போட்டான். வாங்கி, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். செங்கோடன் எழுந்து நின்றான், அவள் முடிக்கிறவரைக்கும் உட்கார அவனுக்குத் தோன்றவில்லை.